நடைபாதைக்கு ஒரு கலைஞரின் பெயர்

தென்கொரியாவின் தேகு மாநகரத்துக்குள் தல்சோங் என்றொரு வட்டாரம் இருக்கிறது. 1995இல் மாநகரத்தோடு சேர்க்கப்பட்டாலும் இன்றும் அதன் பெரும்பகுதி மலையும் வயலும்தான். அங்கே ஒக்யோன்ஜி என்னும் பாசன நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள பூங்காவும் அதைச் சுற்றிவரும் நடைபாதையும் சோங் ஹே என்ற மூத்த தொலைக்காட்சிக் கலைஞரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் உயிரோடு இருந்தபோதே சூட்டிய பெயர் அது. அங்கிருந்து வடமேற்கே கிம்சோன் நகரம். அங்கும் ஒரு குளம், அதை நோக்கிப் போகும் ஒரு பாதை. அதற்கு 2021இல் கிம் ஹோ ஜுங் என்ற இளம் பாடகரின் பெயரை வைத்தார்கள். முதல் பாதையில் பெயரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. இரண்டாவது பாதை மூன்றே ஆண்டுகளில் நகராட்சிக்குத் தீராத தலைவலியாகிவிட்டது. ஒன்றுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை என்று இதைக் கடந்துபோகலாம். அது போதாது. கலைஞருக்கும் மண்ணுக்கும் காலம் வளர்த்த உறவைப் பெயர் சொல்கிறதா, கூட்டத்தை வரவழைக்கக் கலைஞரின் புகழைக் கடன் வாங்குகிறதா என்பதில்தான் இந்த மரியாதையின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

சோங் ஹே 1927இல், இன்று வடகொரியாவில் இருக்கும் ஜேர்யோங்கில் பிறந்தவர். கொரியப் போரின்போது தாயை விட்டுப் பிரிந்து கப்பலேறித் தெற்கே வந்தார். பிறகு தாயைப் பார்க்கவே இல்லை. 1955இல் ஒரு நாடோடிக் கலைக்குழுவில் சேர்ந்து பாட்டும் நகைச்சுவையுமாக மேடையேறினார். 1986இல் மகனை மோட்டார் சைக்கிள் விபத்தில் பறிகொடுத்தபோது, அவர் வானொலியில் சாலைப் போக்குவரத்து நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். சாலையில் கவனமாகப் போங்கள் என்று ஊருக்குச் சொல்ல இனி முடியாது என்று அதை விட்டுவிட்டார். அந்தச் சோகத்திலிருந்து அவரை வெளியே இழுத்தது கே.பி.எஸ். தொலைக்காட்சியின் தேசிய பாட்டுப் போட்டி. 1988இல் அதன் தொகுப்பாளரானவர், இடையில் சிறிது காலம் தவிர, 2022 ஜூனில் 95 வயதில் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தொலைக்காட்சிப் பாட்டுத் திறன் போட்டிகளை நடத்துபவர்களில் உலகிலேயே மூத்தவர் என்று கின்னஸ் சான்று கிடைத்தது.

அந்த நிகழ்ச்சியின் இயல்பைத் தெரிந்துகொண்டால்தான் பாதைக்கு அவர் பெயர் ஏன் பொருந்துகிறது என்பது புரியும். அது ஸ்டுடியோவில் உட்கார்ந்து நடத்தும் போட்டியல்ல. ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு மாவட்டத்தில், திறந்தவெளியில், அந்த ஊர்க்காரர்களையே பாடவைப்பார்கள். மீனவர், விவசாயி, பள்ளிச் சிறுமி, எண்பதைத் தாண்டிய பாட்டி என்று எல்லோரும் வருவார்கள். ஊரில் விளைந்ததை மேடைக்கே கொண்டுவந்து ஊட்டிவிடுவார்கள், சோங் ஹேயும் மென்றுகொண்டே பேசுவார். 2003இல் பியோங்யாங்கிலும் ஒரு முறை நடந்தது. சொந்த ஊரான ஜேர்யோங்கில் நடத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய் நின்ற இந்த மனிதரின் பெயரில் ஒரு பாதை இருப்பது, ஓர் அரங்கமோ விமான நிலையமோ இருப்பதைவிட எவ்வளவோ பொருத்தம். சிலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். பாதை அப்படியல்ல, வந்தவரை அது நடக்கவைக்கிறது. நுழைவுச்சீட்டு கேட்பதில்லை, வயது பார்ப்பதில்லை, பாடத் தெரியாதவரையும் மேடையில் ஏற்றிய நிகழ்ச்சியைப் போலவே யாரையும் உள்ளே விடுகிறது. இந்த வழக்கத்தின் முதல் வலிமை இதுதான்: மரியாதையின் வடிவமே மரியாதைக்குரியவரின் தொழிலைச் சொல்லிவிடுகிறது.

தல்சோங்குக்கும் அவருக்கும் உள்ள உறவும் இட்டுக்கட்டியதல்ல. போர்க்காலத்தில் தேகுவில் ராணுவப் பணியில் இருந்தபோதுதான் மனைவியைச் சந்தித்தார். நீர்த்தேக்கத்தை ஒட்டிய கிராமம் அவர் மனைவி பிறந்த ஊர். திரும்பிப் போக முடியாத சொந்த ஊருக்குப் பதிலாக மாமியார் ஊரையே அவர் தன் ஊராக்கிக்கொண்டார். 2018இல் மனைவியை அங்கே அடக்கம் செய்தார்; நான்கு ஆண்டுகள் கழித்து அவரும் பக்கத்திலேயே அடக்கமானார். ஆக, வெளியூர்ப் பிரபலத்தின் பெயரைத் தல்சோங் ஒட்டவைத்துக்கொண்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். உறவின் வேர் மனைவியின் ஊரில் இருக்கிறது, பலகையிலோ கணவரின் பெயர். திருமணச் சடங்குகூட இல்லாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடத்தி, கடைசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் மணக்கோலம் கண்ட அந்த அம்மாளுக்குப் பாதையின் ஒரு வளைவாவது சொந்தமாகியிருக்கலாம்.

கொரியாவில் நடைபாதை என்பது கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு சமூக இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. பத்திரிகையாளராக இருந்த சோ மியோங் சுக், ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை நடந்துவிட்டு வந்து, 2007இல் பிறந்த தீவான ஜெஜுவில் 'ஒல்லே' பாதைகளைத் தொடங்கினார். இன்று அவை தீவையே சுற்றி 400 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. அடுத்து ஜிரி மலையைச் சுற்றி ஒரு நீண்ட பாதை வந்தது. பிறகு ஒவ்வொரு நகராட்சியும் தனக்கும் ஒன்று வேண்டும் என்றது. 1995 முதல் உள்ளாட்சித் தலைவர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இளைஞர்கள் சியோலுக்குப் போய்விட, ஊர்கள் கிழடு தட்டிக்கொண்டிருக்கின்றன. நான்கு ஆண்டுப் பதவிக்காலத்துக்குள் கண்ணுக்குத் தெரியும்படி எதையாவது செய்து காட்ட வேண்டிய தலைவருக்குப் பாதை கைக்கடக்கமான திட்டம். எங்கும் பாதை வந்துவிட்ட பிறகு தன் பாதைக்கு ஆள் வருவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. பிரபலத்தின் பெயர் இங்கேதான் நுழைகிறது. மரியாதை பின்னால் போய், விளம்பரம் முன்னால் வந்து நிற்கிறது.

கிம்சோனில் நடந்தது இதுதான். கிம் ஹோ ஜுங் 1991இல் பிறந்தவர், அந்த நகரத்தின் கலைப் பள்ளியில் படித்தவர். 2020இல் 'மிஸ்டர் ட்ராட்' என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நான்காம் இடம் பெற்று நாடறிந்தார். அடுத்த ஆண்டே, நகராட்சி 20 கோடி வோன் செலவழித்து, அவர் படித்த பள்ளியிலிருந்து யோன்ஹ்வாஜி குளம்வரை அவர் பெயரில் ஒரு 'பாட்டுப் பாதை' அமைத்தது. ரசிகர் மன்றத்தின் நிறமான ஊதா எங்கும் பூசப்பட்டது. சுவரோவியங்களும் படமெடுத்துக்கொள்ளும் இடங்களும் வந்தன. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், கடைகளில் வியாபாரம் நடந்தது. 2024 மே மாதம் அவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, டாக்சி ஒன்றில் மோதிவிட்டு நிற்காமல் போனார். தன் இடத்தில் தன் நிறுவன ஊழியர் ஒருவரைப் பழியேற்கவைக்கப் பார்த்தது வெளியே வந்தது. நவம்பரில் இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை. பாதையை அகற்று என்று ஒரு பக்கம் கோரிக்கை; எங்கள் பாடகரைக் கைவிடாதீர்கள் என்று இன்னொரு பக்கம் ரசிகர்கள்; வியாபாரம் போய்விடும் என்று கடைக்காரர்கள். நகராட்சி வைத்துக்கொள்ளவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் தவித்தது. இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. இஞ்சோனின் கியேயாங் வட்டாரத்தில் பார்க் யூ சோன் என்ற பாடகர்-நடிகரின் பெயரில் 2013இல் ரசிகர்களின் நன்கொடையால் செர்ரிப் பூப் பாதை ஒன்று அமைந்தது. 2019இல் அவர் போதைப்பொருள் வழக்கில் கைதானதும் அவர் பெயரும் படங்களும் அங்கிருந்து அகற்றப்பட்டன. அது நடந்து இரண்டே ஆண்டில் கிம்சோன் அதே வேலையைப் பொதுப் பணத்தில் செய்திருக்கிறது.

கிம் ஹோ ஜுங்குக்கும் கிம்சோனோடு உறவு இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பள்ளியில் படித்தது உண்மையான உறவு. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த உறவு கனிய யாரும் காத்திருக்கவில்லை. போட்டியில் புகழ் உச்சத்துக்குப் போன சூட்டிலேயே பலகை நாட்டினார்கள். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. யோன்ஹ்வாஜி குளம் ஏற்கெனவே செர்ரிப் பூக்களுக்குப் பெயர்போன இடம். அதற்குப் புதிதாக ஒரு புகழ் தேவைப்படவே இல்லை. சொந்த அழகால் ஆட்களை ஈர்க்கக்கூடிய குளத்தின் மேல் ஒருவரின் புகழை ஏற்றிவைத்து, அவர் விழுந்தபோது குளத்தையும் வம்புக்குள் இழுத்துவிட்டார்கள்.

அப்படியானால் இறந்தவர்களுக்கு மட்டும் பெயர் வைத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்குப் பத்திரமான யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. சோங் ஹே தன் பெயர் கொண்ட பூங்காவில் நடந்தார், ஊர்க்காரர்களோடு சிரித்தார். பக்கத்திலேயே அவர் நினைவுக் கூடம் 2021 டிசம்பரில், அவர் இருக்கும்போதே திறக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் கூட்டத்தின் முன் நின்ற கலைஞருக்கு அந்த மகிழ்ச்சியை மறுத்துவிட்டு, கல்லறைக்குப் பிறகு மாலை போடுவதில் என்ன பெருமை? இறந்தவர்களின் பழைய செயல்களும் பிறகு வெளியே வருவதுண்டு, ஆகையால் அதுவும் முழுப் பாதுகாப்பில்லை. காத்திருக்க வேண்டியது மரணத்துக்காக அல்ல, முதுமைக்காக. அறுபது ஆண்டு பொதுவாழ்க்கையை ஒருவர் கடந்துவிட்டார் என்றால், அவரைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிட்டது. முப்பது வயதுக்காரரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. முதியவர்களும் தவறுவார்கள்தான், ஆனால் எதை நம்பிப் பெயர் வைத்தோம் என்பதற்குக் காட்ட நீண்ட வாழ்க்கை ஒன்று கையில் இருக்கும்.

இதில் கொரியச் சட்டத்திலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அங்கே முகவரிகள் தெருப்பெயர்களின் அடிப்படையில் இயங்குகின்றன. 2014 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒருவரைப் பெருமைப்படுத்த வைக்கும் கௌரவத் தெருப்பெயர் முகவரியை மாற்றாது, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும், பிறகு நீட்டிக்க மறுபடி பரிசீலிக்க வேண்டும். சியோலின் ஜோங்னோவில், வயதான கலைஞர்களுக்காகச் சோங் ஹே ஓர் ஓய்வறை நடத்திவந்த நக்வோன் பகுதியில், 2016இல் அவர் பெயர் பெற்ற சிறு தெரு இந்த வகைதான். பூங்காவும் சுற்றுலாப் பாதையும் பெரும்பாலும் இந்தக் கட்டுக்குள் வருவதில்லை. காலவரம்பு ஒருவரை அவமதிப்பதாகாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓர் ஊர் கூடி, இவர் பெயர் இருக்கட்டும் என்று மறுபடி சொல்வது, ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு மறப்பதைவிடப் பெரிய மரியாதை. பெயரை எடுக்க நேர்ந்தாலும் தவணை முடிந்தது என்று அமைதியாக எடுத்துவிடலாம். கிம்சோனைப் போல ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்க வேண்டியதில்லை.

மண்ணுக்காக உழைத்த கலைஞர்களின் கதை வேறு. கலிபோர்னியாவில் நடிகர் லியோ கரியோ மாநிலக் கடற்கரை, பூங்கா ஆணையத்தில் 18 ஆண்டுகள் பணியாற்றினார். மலிபுக்கு அருகில் ஒரு மாநிலப் பூங்கா அவர் பெயரில் இருக்கிறது. அங்கே பெயர் வெறும் புகழுக்குக் கிடைத்த பரிசல்ல. அதே லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில், ஹாலிவுட் எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள கஹுவெங்கா சிகரத்தின் 138 ஏக்கரைக் காப்பாற்ற 2010இல் 1.25 கோடி டாலர் திரட்டியபோது, பெரும் நன்கொடை அளித்தவர்களில் ஒருவரான ஐலீன் கெட்டியின் பெயர் மலைமுகட்டுப் பாதைக்குப் போனது. பணத்துக்குப் பெயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆனாலும் மலை மலையாகவே நிற்பதற்கு அந்தப் பணம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. கிம்சோன் பாதை தன் குளத்துக்கு அப்படி எதையும் செய்யவில்லை.

ஒக்யோன்ஜியிலும் மிகைப்படுத்தல் இல்லாமல் இல்லை. தண்ணீரில் மிதக்கும் முழுநிலா, கரையில் காற்றாலை, ஆங்காங்கே சோங் ஹேயின் உருவங்கள், நூறாண்டு வாழ்வைக் குறிக்கும் பாலமும் மண்டபமும் என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். மலையும் நீரும் இருக்குமிடத்தில் இவ்வளவு ஒப்பனை எதற்கு என்று தோன்றுகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற ஒரே எண்ணால் வெற்றியை அளக்கும் உள்ளாட்சி, அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறையாதிருக்க ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒன்றை நடுகிறது. பாதைக்குத் தேவையான வடிகால், மண் அரிப்புத் தடுப்பு, வழிகாட்டிப் பலகை ஆகியவற்றை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை, ஆகவே அவை எப்போதும் பட்டியலின் கடைசியில்தான்.

இன்னும் முப்பது ஆண்டுகளில் அந்தக் கரையில் நடப்பவர்களில் பலருக்குச் சோங் ஹே யாரென்றே தெரியாமல் போகலாம். அப்போது அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதுதான் ஆகக் கடினமான ஆட்சேபம். நினைவுக் கூடம் சொல்லிக்கொடுக்கும் என்பது உள்ளாட்சி தரக்கூடிய பதில். கூடத்துக்குள் நுழைபவர்களைவிட ஏரியைச் சுற்றுபவர்கள் எப்போதும் அதிகமாகத்தான் இருப்பார்கள். ஆனால் தெரியாமல் போவதை ஏன் தோல்வி என்று எண்ண வேண்டும்? ஊர்ப்பெயர்களாகிவிட்ட மனிதர்களில் எத்தனை பேரின் கதை நமக்குத் தெரியும்? ஆளை அறியாதவரும் அந்தப் பாதையில் நடந்து, அந்தப் பெயரைச் சொல்லி அடுத்தவருக்கு வழிகாட்டினால், சோங் ஹே அந்த நிலத்தின் சொற்களில் ஒன்றாகிவிட்டார் என்று பொருள். ரசிகர் கூட்டத்தை நம்பிய பாதைக்கு இந்த வாய்ப்பு கிடையாது, ஏனென்றால் அங்கே ஆளைத் தெரியாதவருக்கு வர ஒரு காரணமும் வைக்கப்படவில்லை. யோன்ஹ்வாஜியின் செர்ரி மரங்கள் அந்தக் காரணத்தை ஏற்கெனவே வைத்திருந்தன. நகராட்சிதான் அவற்றின் மேல் ஊதா நிறத்தைப் பூசியது.