கழுமரமும் சிலுவையும்

ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாண’த்தில் சிலுவை தோன்றும் இடம் மிகச் சிறியது. முதுகில் பாரம் சுமந்த பயணி ஒரு மேட்டை அடைகிறான். அங்கே சிலுவை நிற்கிறது. பாரம் அவிழ்ந்து உருண்டு, கீழேயுள்ள கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அந்நூலைத் தழுவி 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு இது போதவில்லை. மூலத்தில் இல்லாத இரட்சணிய சரிதப் படலத்தைச் சேர்த்து, ஆண்டவரின் திருப்பாடுகளை விரிவாகப் பாடினார். பனியனின் வாசகர்கள் விவிலியத்தோடு வளர்ந்தவர்கள். தமிழ் வாசகரோ, மரத்தில் தொங்கியவர் யார், ஏன் தொங்கினார் என்று முதலில் கேட்பவர். வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கவிஞருக்கு அக்கேள்வி அந்நியமானதன்று. (அவர் நம் சபையினர் அல்லர் என்பதனாலோ என்னவோ, நம் இல்லங்களில் இந்நூலைக் காண்பது அரிது. இழப்பு நமக்கே!)

இதனால் விளைந்த நன்மை பெரிது. பாரத்தை இறக்கி வைக்கும் இடமாக மட்டும் நின்ற சிலுவை, இறைமகன் வருந்திய இடமாக மாறுகிறது. எனினும் நமக்கு ஒரு குறை படுகிறது. கம்பரின் நடை அரசகுமாரரின் துயரைப் பாடிப் பழகிய நடை. முடியிழந்து கானகம் சென்றாலும் இராமன் அரசகுமாரனே. அவனது மாண்பு குன்றுவதில்லை. சிலுவையோ மாண்பைப் பறிப்பதற்கென்றே வகுக்கப்பட்ட தண்டனை. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் கிளர்ச்சியை அடக்கிய உரோமையர், பிடிபட்ட அடிமைகள் 6,000 பேரைக் கப்புவா முதல் உரோமை வரை சாலையோரமெங்கும் சிலுவைகளில் அறைந்தனர். தூய பவுல் பிலிப்பியருக்கு எழுதுகையில் அடிமையின் தன்மையை முதலில் கூறி, அதனையடுத்துச் சிலுவைச் சாவைக் கூறுவது தற்செயலன்று.

இக்குறைக்குக் கவிஞரை மட்டும் பொறுப்பாக்குதல் முறையன்று. நம் மொழிக்கும் அதில் பங்குண்டு. ‘சிலுவை’ சிரியாக் மொழி வழி வந்தது. ‘குருசு’ போர்த்துக்கீசியர் தந்தது. இரண்டும் நம் செவிக்குப் புனிதமாகவே வந்து சேர்ந்தன. ‘கழுமரம்’ என்றால் உடல் கூசுகிறதே, அந்தக் கூச்சம் ‘சிலுவை’ என்னும்போது நமக்கு எழுவதில்லை. தமிழகத்தின் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிவாரியாக எல்லை வகுத்துவிட்டு, இரு புறமும் சிலுவைகளை நடுவதற்கு நம்மால் இயன்றது எவ்வாறு? அடிமையின் மரம் அது என்று நம் நெஞ்சு உணர்ந்திருப்பின் கை நடுங்கியிராதோ?

ஓமலூர்ப் பகுதியில் பெரிய வெள்ளியன்று மூதாட்டியர் வியாகுலத் தாயின் குரலில் ஒப்பாரி வைக்கக் கேட்டிருக்கிறோம். அதில் அணியில்லை, அலங்காரமில்லை. கொலையுண்ட ஏழை மகனின் உடலைக் கண்ட தாயின் வசைமொழிகூட இடையில் வந்துவிடும். இலக்கணம் பயின்றோர் முகம் சுளிக்கலாம். ஆயினும் மாற்கு நற்செய்தியாளர் சிலுவையில் அறைந்த செயலை ஒரே சிறு தொடரில், ஒரு அடைமொழியும் இன்றிக் கூறிச் செல்கிறாரே, அந்த வறண்ட உரைக்குக் காப்பியத்தைவிட இவ்வொப்பாரியே அண்மையில் நிற்கிறது. கிருஷ்ணபிள்ளையின் படலத்தை இத்தவக்காலத்தில் கையிலெடுப்போர், மாற்குவின் பதினைந்தாம் அதிகாரத்தையும் அருகில் விரித்து வைத்துக்கொள்ளலாம்.