ட்ராப்சோண்டை எங்கே போடுவது?

அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்கி வரும் குளிர்காலப் புயல்களுக்குள் விமானத்தை அனுப்பி அளந்தால் மழைக் கணிப்பு மேம்படுமா? இந்தக் கேள்விக்கு எதிரெதிர் பதில் சொல்வதுபோலத் தெரியும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று 2013ல் தாமஸ் ஹாமில் குழுவினர் எழுதியது. மற்றது 2020ல் மார்ட்டி ரால்ஃப் குழுவினருடையது.

முதலில் விஷயம் என்னன்னு பார்த்துடலாம். கடலுக்கு மேல் நீராவி நீண்ட, ஒடுங்கிய பட்டையாக நகர்வதை வளிமண்டல ஆறு என்கிறார்கள். 1990களில் ஷு, நியூவெல் என்ற இருவர் வைத்த பெயர். வலுவான ஒன்று சுமக்கும் நீராவி, மிசிசிப்பி ஆறு கடலில் கலக்குமிடத்தில் ஓடும் நீரைப்போல 7 முதல் 15 மடங்குவரை இருக்கும். இது கலிபோர்னியா மலைகளில் மோதினால் மழை கொட்டும். எந்த மலையில், எத்தனை மணிக்கு மோதும் என்பதில்தான் சிக்கல்.

அதை அளக்க ட்ராப்சோண்ட். அரைக் கிலோகூட இருக்காது, ஒரு குழாய் அவ்வளவுதான். விமானத்திலிருந்து விட்டால் குட்டி பாராசூட்டில் இறங்கிக்கொண்டே அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பும். கடலில் விழுந்ததோடு அதன் கதை முடிந்தது, யாரும் திரும்ப எடுப்பதில்லை.

ஹாமில் குழு எடுத்துக்கொண்டது 2011 குளிர்காலத்தில் நடந்த பறப்புகளை. விமானத் தரவோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை என்று ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலை ஓட்டிப் பார்த்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நேர்மையான சோதனை, எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனா அதை வைத்து "விமானமே வீண்" என்று பேசுவது அதிகப்படி. அது ஒரே ஒரு குளிர்காலம். கணிப்பு எங்கே தடுமாறும் என்று அன்றன்றைக்குத் தேடிப்போய் ஆங்காங்கே சில கருவிகளைப் போடும் ஒரு முறையைத்தான் அது சோதித்தது. ஆற்றைக் குறுக்கே வெட்டி வரிசையாக அளப்பது வேறு வேலை.

அந்த வேறு வேலையை 2016 முதல் செய்கிறவர்கள் ரால்ஃப் குழு. கோடையில் சூறாவளிக்குள் புகும் அதே விமானப்படை விமானங்கள் குளிர்காலத்தில் இதற்குப் பறக்கின்றன, நோவாவின் ஜி-4 ஜெட்டும் கூட. இந்தத் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. எந்த இடத்தில் சின்னப் பிழை இருந்தால் நாளைக்கு மழை பெரிதாக மாறும் என்று கணினி ஒரு வரைபடம் தருகிறது, அங்கே போய் அளக்கிறோம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் அந்த வரைபடமே முந்தைய கணிப்பிலிருந்து பிறந்தது. எந்தக் கணிப்பைத் திருத்தக் கிளம்புகிறோமோ அதனிடமே வழி கேட்கிறோம், இல்லையா? புயலின் இடத்தையே மாடல் தவறாகப் பிடித்திருந்தால் வரைபடமும் சேர்ந்து தவறும். விமானம் அதிகம் தேவைப்படும் நாளும் அதுதான்.

நடைமுறையில் இன்னும் கட்டுப்பாடுகள். பறக்கும் பாதையை முன்னாடியே முடிவு செய்தாக வேண்டும். விமானிகளுக்கு ஓய்வு நேர விதி இருக்கிறது. வான்வழிப் போக்குவரத்துக்காரர்களின் அனுமதி வேண்டும், பயணிகள் விமானம் போகிற வழியில் குழாயைப் போட முடியாது. தரவு 00 யுடிசி நேரத்தை ஒட்டி வந்து சேர்ந்தால்தான் அந்த வேளை மாடலுக்குள் நுழையும். கலிபோர்னியாவில் அப்போது மாலை நாலு மணி. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற கோட்டில் அந்தக் கணினி வரைபடத்தின் பங்கு எவ்வளவு? பறப்புத் திட்டத்தை விளக்குகிற இடத்தில் இந்தப் பேரத்தை விரிவாக எழுதியிருக்கலாம்.

என்னைச் சம்மதிக்க வைத்தது ரால்ஃபின் மையத்தைச் சேர்ந்த மிங்ஹுவா ஜெங் குழு 2021ல் சொன்ன எளிய வாதம். அடர்ந்த மேகத்துக்குக் கீழே செயற்கைக்கோள் அளவுகள் பெரும்பாலும் மாடலில் பயன்படுவதில்லை. நீராவி அதிகம் ஓடுவதோ அந்தக் கீழ் அடுக்குகளில். ஆக, முக்கியமான இடத்தில் ஓட்டை. ட்ராப்சோண்ட் அதை அடைக்கிறது. இதற்கு நுட்பமான இலக்குத் தேர்வு எதுவும் தேவையில்லை, ஆறு இருக்கும் இடம் போதும்.

யாருக்கு இது அவசரம் என்றால், அணைக்காரர்களுக்கு. 2012 டிசம்பரில் ஒரு வளிமண்டல ஆறு வந்து மெண்டசீனோ ஏரியை நிரப்பியது. வெள்ளத்துக்கு இடம் வைக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அடுத்த மழைக்குக் காத்திருந்தால் 2013 முழுக்க வறட்சி. அடுத்த சில நாளைக்குப் பெரிய மழை இல்லை என்று நம்பிச் சொல்ல முடிந்திருந்தால் அந்தத் தண்ணீரை வைத்திருக்கலாம். அதனால் சராசரி மதிப்பெண்ணைவிட, ஒரு குறிப்பிட்ட ஏரியின் நீர்ப்பிடிப்பில் விழுந்த மழையை வைத்தே இந்தப் பறப்புகளை அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி போட்டு, பலன் இல்லாத நாட்களையும் விடாமல், ஏரிவாரியாக ஒரே பட்டியல் போட்டால் அதைத்தான் முதலில் திறப்பேன். கணிப்பைக் கெடுத்த பறப்புகளும் அதில் இருக்கணும்.