பத்தொன்பதாம் புலம்பல்

குழந்தையை இழந்த வீட்டிற்கு நாம் அனுப்பும் அனுதாபக் கடிதங்களிலும், ஆண்டு நினைவு நாளில் அச்சிடும் அட்டைகளிலும் ஒரு கருத்து தவறாமல் இடம்பெறும். தோட்டக்காரர் தமக்குப் பிடித்த மலரைப் பறித்துக்கொண்டார் என்பதே அது. எழுதுபவர் அன்போடுதான் எழுதுகிறார். நானும் எழுதியிருக்கிறேன். என் கடிதத்தைப் படித்த தந்தை ஒருவர் பின்னொரு நாள், "ஆண்டவருடைய தோட்டத்தில் பூவுக்கா பஞ்சம்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை. அக்கேள்வி நெஞ்சில் தைத்திருந்த காலத்தில்தான் போலந்து நாட்டுக் கவிஞர் யான் கொக்கனோவ்ஸ்கியின் 'புலம்பல்கள்' என்னும் நூலைப் படிக்க நேர்ந்தது. போலந்து மொழி அறியாத நான், சீமஸ் ஹீனியும் ஸ்தனிஸ்லாவ் பரான்சாக்கும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அதை அணுகினேன்.

கொக்கனோவ்ஸ்கி 1530-இல் பிறந்தவர். நம் அந்தோனியாரின் பதுவை நகரில் கல்வி பயின்றவர். அரசவையில் செயலராகப் பணியாற்றியவர். பின்னர் அரண்மனை வாழ்வை விட்டுச் சர்னோலாஸ் என்னும் சிற்றூரில் குடும்பத்தோடு தங்கிவிட்டார். தாவீதின் சங்கீதங்கள் நூற்றைம்பதையும் தம் தாய்மொழியில் கவிதையாக்கி 1579-இல் வெளியிட்டார். கத்தோலிக்கரும் பிரிந்த சபையினரும் ஒருங்கே போற்றிப் பாடிய நூல் அது. மறு ஆண்டிலேயே, 1580-இல், பத்தொன்பது பாடல்கள் அடங்கிய இப்புலம்பல் நூல் கிராக்கோவ் நகரில் அச்சாகியது. அவருடைய மகள் உர்சுலா இரண்டரை வயதில் இறந்திருந்தாள்.

இந்நூலில் முதலில் வியப்பளிப்பது அதன் துணிவு. ஐரோப்பிய இலக்கிய மரபில் நீண்ட இரங்கற்பா என்பது மன்னர்க்கும் தளபதியர்க்கும் அறிஞர்க்கும் உரியது. நம் மரபிலும் கையறுநிலை என்றால் பாரியை இழந்த கபிலர்தாமே நினைவுக்கு வருகிறார்? குழந்தையின் சாவுக்கு நம்மிடம் தாயின் ஒப்பாரி உண்டு. ஆனால் ஏட்டில் ஏறியவை பெரும்பாலும் பெரியோர் சாவுகளே. பிள்ளைத்தமிழில் நாம் பெரியவர்களைக் குழந்தையாக்கிப் பாடினோம். கொக்கனோவ்ஸ்கியோ ஒரு குழந்தையைப் பெரியவர்களுக்குரிய ஆசனத்தில் அமர்த்தினார். நூலை அவளுக்கே காணிக்கையாக்கி, தம்மைப் பேறற்ற தந்தை என்று எழுதிக் கையொப்பமிட்டார். தம் நிலத்துக்கு மட்டுமன்றித் தம் யாழுக்கும் அவளே வாரிசு என்று கருதியதாக ஒரு பாடலில் கூறுகிறார். இரண்டரை வயதுக் குழந்தையைப் பற்றி இது மிகையல்லவா என்று கேட்போர் இருக்கலாம். தூளியில் கிடக்கும் பிள்ளையைக் கலெக்டராகக் காணாத தகப்பன் நம் ஊரிலும் உண்டோ?

ஐந்தாம் புலம்பலில் ஒரு தோட்டக்காரன் வருகிறான். உயர்ந்த ஒலிவ மரத்தின் அடியில் இலையோ கிளையோ இல்லாத சிறு தளிரொன்று நிமிர்கிறது. முள்ளையும் களையையும் வெட்டிவந்த தோட்டக்காரனுடைய அவசரக் கத்தி தளிரின்மேல் பட்டுவிடுகிறது. அது தாய்மரத்தின் காலடியில் சாய்கிறது. நம் நினைவு அட்டைகளின் தோட்டக்காரரோடு இவனை ஒப்பிட்டுப் பாருங்கள். இவன் ஆசைப்பட்டுப் பறிக்கவில்லை, கவனியாமல் வெட்டினான். கவிஞர் இவனை இறைவன் என்று சொல்லவுமில்லை. பாடலின் முடிவில் அவர் பழிப்பது கிரேக்கப் புராணத்துப் பாதாள அரசியை. குழந்தையைக் கொன்றவர் என்ற பழியை, பக்தியின் பேராலேகூட, இறைவன்மேல் சுமத்த இத்தந்தைக்கு மனம் வரவில்லை. சங்கீதங்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஒருவருக்கே உரிய கூச்சம் இது என்று நான் எண்ணுகிறேன்.

நூலின் இதயம் ஏழாம், எட்டாம் பாடல்களில் இருக்கிறது. ஏழாவதில் அவளுடைய சிறிய உடைகள் மட்டுமே உள்ளன. அணிய ஆளில்லாத அவற்றை ஏன் கண்முன் விரிக்கிறீர்கள் என்று தந்தை கலங்குகிறார். தாய் அவளுக்கென்று வேறொரு படுக்கையை, மணநாளை, கனவு கண்டிருந்தாள். கொடுக்க முடிந்ததோ ஒரு சட்டையும் எளிய துணியும். தந்தை தலைமாட்டில் வைத்தது ஒரு மண்கட்டி. சீதனமும் மகளும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டனர். எட்டாவது, வீட்டின் வெறுமையைப் பாடுகிறது. வீடு நிறைய மனிதர் இருக்கிறார்கள். ஆயினும் யாருமே இல்லாததுபோல் இருக்கிறது. எல்லாருக்குமாகப் பேசியவளும் பாடியவளும் மூலைமுடுக்கெல்லாம் ஓடியவளும் அவளே. தாயைக் கவலைப்படவும் தந்தையை அளவுக்கு மீறிச் சிந்திக்கவும் விடாமல் ஓடிவந்து கட்டிக்கொள்வாளாம். இவ்வரிகளில் உவமையும் இல்லை, புராணமும் இல்லை. தம் கல்வி முழுவதையும் வாசலில் விட்டுவிட்டுத் தகப்பனாக மட்டும் உள்ளே வருகிறார் கவிஞர்.

அதன்பின் நம்பிக்கை தளர்கிறது. ஞானத்தின் படிகளை வாழ்நாள் முழுதும் ஏறியவர், கடைசிப் படியிலிருந்து உருட்டப்பட்டதாக ஒன்பதாம் பாடலில் உரைக்கிறார். பத்தாம் பாடல் முழுவதும் ஒரே கேள்வி: மகளே, நீ எங்கே? வானங்களுக்கு மேலே சின்னச் சம்மனசுகளோடு இருக்கிறாயா, மறதியாற்றின் நீரைக் குடித்துவிட்டாயா, பறவையாகிவிட்டாயா, உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுகிறாயா, பிறக்குமுன் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டாயா என்று அடுக்குகிறார். இறுதியில், எங்கிருந்தாலும், இருக்கிறாய் என்றால், என்மேல் இரங்கு என்று கெஞ்சுகிறார். அந்த 'என்றால்' தான் நூலிலேயே அச்சமூட்டும் சொல். சங்கீதங்களைப் பாடித் தந்தவரின் நாவில் அது பிறக்கிறது!

உத்தரிக்கிற ஸ்தலம் இப்பட்டியலில் வருவதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். திருமுழுக்குப் பெற்ற பச்சிளங்குழந்தைக்கு அந்தத் தூய்மைப்படுத்தல் தேவையில்லை என்பது திருச்சபையின் போதனை. பழைய வழிபாட்டு முறையில் இத்தகைய குழந்தைகளுக்குக் கறுப்பு உடையணிந்து இரங்கற் பூசை வைப்பதில்லை. வெள்ளை உடையில் சம்மனசுகளின் பூசையே வைத்தார்கள். இன்றைய முறையிலும் குழந்தையின் பாவம் பொறுக்கும்படி மன்றாடுவதில்லை. பெற்றோரின் ஆறுதலுக்காகவே மன்றாடுகிறோம். படித்த கத்தோலிக்கரான கொக்கனோவ்ஸ்கிக்கு இது தெரியாதிருக்குமா? தெரிந்திருக்கும். ஆனால் பிள்ளையைத் தேடி ஓடும் தகப்பன் எல்லாக் கதவுகளையும் தட்டுகிறான். அவள் போயிருக்க முடியாத வீட்டின் கதவையும் தட்டுகிறான். இதில் மறைக்கல்விக் குறைபாட்டைக் காண்போர் துக்க வீட்டுக்குள் கால்வைத்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

பதினோராம் பாடல் இன்னும் கசப்பானது. நற்பண்பு வெறும் அற்பம் என்று தோல்வியில் சொன்ன புரூட்டஸின் கூற்றை எடுத்துக்கொண்டு, நல்லவன் கெட்டவன் பாராத ஏதோ பகைவன் மனித காரியங்களைக் குலைக்கிறான் என்று கவிஞர் குமுறுகிறார். பதினாறாவதில், துன்பத்தைத் தாங்கப் பிறருக்குக் கற்பித்த சிசரோ தன் மகள் இறந்தபோது என்ன செய்தார் என்று கேட்கிறார். நண்பர்கள் சிலர் இப்பகுதிகளை ஒதுக்கிவிட்டு இறுதிப் பாடலை மட்டும் படிக்கலாம் என்று கருதக்கூடும். யோபு நூலில் முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் மட்டும் வாசிப்பதற்கு ஒப்பானது அது.

திருப்பம் பதினேழாவதில் நிகழ்கிறது. ஆண்டவரின் கரம் தம்மைத் தொட்டது என்று அது தொடங்குகிறது. ஐந்தாம் பாடலில் சொல்லக் கூசியதை இப்போது சொல்கிறார். ஆனால் அக்கரம் பறித்தது தம் மகிழ்ச்சியை என்கிறார், மலரை அன்று. அறிவு தம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை முழுவதையும் இழந்தேன், ஆகவே அழ விடுங்கள், இக்கண்ணீரைத் தடுக்க இறைவன் ஒருவராலேயே கூடும் என்று முடிக்கிறார். அடுத்த பாடல் ஒரு மன்றாட்டு. அதில் உர்சுலாவின் பெயர் இல்லை. 'நான்' என்ற குரலும் பின்வாங்கி, நாங்கள் உம்முடைய கீழ்ப்படியாத பிள்ளைகள் என்று பன்மையில் தொடங்குகிறது. பதினேழு பாடல்களில் தந்தையாக அழுதவர் பதினெட்டாவதில் பிள்ளையாகிறார். இம்மாற்றத்தைக் கவிஞர் விளக்கவில்லை, செய்துவிட்டு நகர்கிறார்.

பத்தொன்பதாம் பாடல் ஒரு கனவு. இறந்துபோன தம் தாய், உர்சுலாவைக் கையில் ஏந்தி வருகிறாள். தாய் நீண்ட நேரம் பேசுகிறாள். குழந்தை உயிரோடிருக்கிறாள், இவ்வுலகத் துன்பங்களுக்கும் பிரசவ வேதனைக்கும் தப்பிவிட்டாள், மனிதனாய்ப் பிறந்தவன் மனிதருக்கு நேர்வதை மனிதனாகவே தாங்க வேண்டும் என்றெல்லாம் அறிவுரை கூறுகிறாள். அறிஞர்கள் பாராட்டும் இப்பேச்சு எனக்கு முழு நிறைவு தரவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நல்லவேளை, கஷ்டப்படாமல் போய்விட்டாள் என்று பந்தலில் அமர்ந்து பேசும் நம் உறவினர் குரல் அதில் கேட்கிறது. சிசரோவைக் கேள்வி கேட்டவர் தம் தாயின் வாயில் சிசரோவையே வைத்துவிட்டாரோ என்றும் ஐயுறுகிறேன்.

ஆனால் பேச்சு தொடங்குமுன் கவிஞர் கண்டதை மறக்க இயலவில்லை. குழந்தை வெள்ளைச் சட்டை அணிந்திருக்கிறாள். முடி சுருண்டு, முகம் சிவந்து, கண்கள் சிரிக்கத் தயாராக இருக்கின்றன. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து, தந்தையிடம் செபம் சொல்ல வருவாளே, அதே கோலம்! ஏழாம் பாடலில் உடைகள் இருந்தன, உடுத்த ஆளில்லை. இங்கே ஆள் வந்துவிட்டாள். அவள் சிறகு முளைத்த சம்மனசாகிவிடவில்லை, தோட்டத்து மலருமில்லை. உர்சுலாவாகவே இருக்கிறாள். பாட்டியின் கையில் இருக்கிறாள். பத்தாம் பாடலின் 'எங்கே' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை ஏது? நம் பாட்டிமார் புரிந்தும் புரியாமலும் 'சமுதீதப் பிரயோசனம்' என்று சொல்லிவந்த விசுவாசப் பிரமாணத்து வார்த்தையை நாம் இன்று 'புனிதர்களின் சமூக உறவு' என்கிறோம். எந்தப் பெயரிட்டாலும், அதன் பொருள் எனக்கு இக்காட்சியில்தான் விளங்கிற்று. குழந்தை தனியாக இல்லை. நாம் அறிந்த ஒருத்தி அவளைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

கேட்டது கனவிலா நனவிலா என்று அறியாதவராய்க் கவிஞர் விழித்தெழுவதோடு நூல் முடிகிறது. உறுதியாகிவிட்டது என்று அவர் பொய் சொல்லவில்லை.

பின்னர் வந்த பதிப்பில் ஒரு சிறு கல்லறை வாசகம் சேர்க்கப்பட்டது. ஹன்னா என்னும் மற்றொரு மகளும் இறந்திருந்தாள். அதில் கேள்விகள் இல்லை, புரூட்டஸ் இல்லை, கனவும் இல்லை. நீயும் உன் சகோதரியின் பின்னே விரைந்துவிட்டாய், உன் தந்தை எல்லாவற்றையும் ஒரேயடியாக அழுது தீர்த்து, அழியாத மகிழ்ச்சிக்கெனத் தன்னை வைத்துக்கொள்ளட்டும் என்றோ என்று மட்டும் கேட்டு, சில வரிகளில் நின்றுவிடுகிறார். 1584-இல் அவரும் காலமானார்.