சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம்

கீமோதெரபி மருந்துகள் பலவற்றின் அளவை, உடல் மேற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே மருத்துவர்கள் குறிக்கிறார்கள். 160 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவருக்கு, மோஸ்டெல்லர் 1987இல் தந்த எளிய சூத்திரப்படி மேற்பரப்பு 1.49 சதுர மீட்டர். டோசிடாக்சலைச் சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் தந்தால் 112 மி.கி. வரும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை போகும் இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? 1916இல் டூ பாய்ஸ் என்ற பெயருடைய ஆய்வாளர்கள் இருவர், ஒன்பது பேரின் உடலை அச்செடுத்து அளந்து ஒரு சூத்திரத்தை எழுதினார்கள். அவர்கள் தேடியது உடலின் வளர்சிதை மாற்ற வேகத்தை; மருந்து அவர்கள் கணக்கிலேயே இல்லை. 1958இல் பிங்கெல், விலங்குகளுக்கும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வழக்கமாகத் தரப்பட்ட புற்றுநோய் மருந்தளவுகளைச் சதுர மீட்டருக்கு மாற்றிப் பார்த்தார். அவை ஏறக்குறைய ஒத்துவந்தன. எலியிலிருந்து மனிதருக்கும், பெரியவரிடமிருந்து குழந்தைக்கும் அளவை மாற்ற இது நல்ல பாலம்.

சிக்கல் பெரியவர்களுக்குள் ஒருவரையொருவர் ஒப்பிடும்போது எழுகிறது. அதே உயரத்தில் 80 கிலோ எடையுள்ளவரின் மேற்பரப்பு 1.89 சதுர மீட்டர். வேறுபாடு கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மருந்தை உடல் வெளியேற்றும் வேகமோ ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறக்கூடியது. 5-ஃப்ளோரோயுரசில் என்ற புற்றுநோய் மருந்தின் பெரும்பகுதியைச் சிதைப்பது டிபிடி என்ற நொதி. அது மிகக் குறைந்தவருக்கு, சூத்திரம் பிசகாமல் சொன்ன அளவே உயிரைப் பறிக்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் இந்தக் குறைபாட்டை முன்கூட்டியே சோதிக்கப் பரிந்துரைத்தது இதனால்தான். கார்போபிளாட்டின் என்ற மருந்துக்குக் கால்வெர்ட் 1989இல் சிறுநீரக வடிகட்டும் திறனை வைத்தே சூத்திரம் தந்தார். உறுப்பு என்ன செய்கிறது என்று கேட்ட சூத்திரம் அது. தோலின் பரப்பு அதற்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் சதுர மீட்டரைக் கைவிட்டுவிடலாமே என்பார்கள். அது அவசரம். பல மருந்துகளின் பலனும் நச்சும் இந்த அலகில்தான் சோதிக்கப்பட்டுள்ளன. மாற்று அளவுமுறைக்குப் புதிய சான்று வேண்டும். முதலில் எடையை வைத்து அளக்கப்பட்ட பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துக்கு அப்படிச் சான்று கிடைத்ததால்தான் பெரியவர்களுக்கு 200 மி.கி. என்ற நிலையான அளவு வந்தது. சதுர மீட்டர் அளவுமுறையின் குறையைக் காட்டி, பருமனானவர்களுக்கு 2 சதுர மீட்டரோடு கணக்கை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் மோசம் என்பேன். முழு எடைக்கான அளவைத் தந்தால் நச்சு கூடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012 முதல் முழு அளவையே வலியுறுத்துகிறது. பிஎம்ஐ எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைப்பதும் இதே தவறுதான்: தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாத அந்த எண்ணுக்கு நொதியைப் பற்றி என்ன தெரியும்? டிபிடி போன்ற குறைபாடு இல்லை என்று தெரிந்தால், முதல் சுற்றுக்குச் சூத்திரம் போதும். இரண்டாம் சுற்றின் அளவை, முதல் சுற்றுக்குப் பின் வெள்ளணுக்கள் எவ்வளவு இறங்கின, வாய்ப்புண் வந்ததா, கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பவற்றைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.