கேட்பவர் யார்?

மனிதன் கருவியோடு நடத்தும் பேச்சைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமா என்று வாசக அன்பர்களுள் சிலர் ஐயுறக்கூடும். தகும் என்பதே நம் கருத்து. அரபியில் ‘அதபு’ என்னும் ஒரே சொல் இலக்கியத்தையும் ஒழுக்கத்தையும் குறிக்கிறது. எத்தகைய பேச்சாயினும் சொல்பவர் யார், கேட்பவர் யார், எந்நிலையில் நின்று சொல்லப்பட்டது என்று ஆராய்வது அக்கலையின் பணி.

2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் ‘எக்கோ’ என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. ‘அலெக்சா’ என்று பெயர் சொல்லி அழைத்தால் பெண்குரலில் விடையளிக்கும் கருவி அது. இன்று அத்தகைய கருவிகள் விளக்கை ஏற்றுகின்றன, மின்விசிறியை நிறுத்துகின்றன. காரில் வழி சொல்கின்றன. கண்ணொளி இழந்தோருக்கும் படுக்கையில் கிடக்கும் முதியோருக்கும் இவை செய்யும் உதவியை நாம் மறுக்கவில்லை. நம் ஆய்வு பேச்சைப் பற்றியது.

அப்பேச்சைச் செவிமடுத்தால் முதலில் தெரிவது, அது பெரும்பாலும் ஏவல் வினையால் ஆனது என்பதே. அணை, நிறுத்து, பாடு, காட்டு! பலாகத் கலையில் ஏவலுக்கு நுட்பமானதொரு பாகுபாடு உண்டு. ஒரே வினைவடிவம் மேலோனிடமிருந்து கீழோனுக்கு வந்தால் ‘அம்ரு’, ஒத்தவர்க்கிடையே வந்தால் ‘இல்திமாஸ்’, அடியான் ஆண்டவனிடம் சொன்னால் ‘துஆ’. ‘மன்னிப்பாயாக’ என நாம் இறைஞ்சும் அரபுச் சொல் இலக்கண வடிவில் ஏவலே. எனினும் மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அதைக் கட்டளை என்று கொள்ளமாட்டான். தொல்காப்பியரோ இதற்குத் தனித்தனிச் சொற்களையே வகுத்துக் காட்டினார். ஒன்றை வேண்டிக் கேட்கையில் தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான், ஒத்தோன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். இவ்வளவு படிகள் கொண்ட மொழிகளுக்கு உரியவர்கள் ஒற்றைப் படியில் நின்று பேசப் பழகுகிறார்கள்.

இக்குறையை மேனாட்டாரும் உணராமல் இல்லை. அலெக்சாவை அதட்டிப் பழகிய நாவால் பிள்ளைகள் பெற்றோரையும் ஏவுவார்களோ என்று அங்குள்ள தாய்தந்தையர் அஞ்சினர். அதனால் 2018-இல் அமேசானும் கூகுளும், பணிவான சொல் சேர்த்துக் கேட்கும் குழந்தையைக் கருவி பாராட்டும்படி ஏற்பாடு செய்தன. 2019-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை வேறொன்றைச் சுட்டிற்று. ஏவல் ஏற்கும் கருவிகளுக்குப் பெண்குரலே இயல்பாக அமைக்கப்படுவதும், வசைமொழி கேட்டும் அக்குரல் குழைந்து விடை சொல்வதும் பெண்ணைப் பற்றிய தாழ்ந்த எண்ணத்தை வளர்க்கும் என்றது அது. இவையெல்லாம் நல்ல கவலைகளே. ஆயினும் இவர்கள் பேசுபவனின் நாவை மட்டுமே ஆராய்ந்தார்கள்.

நமக்கு முதன்மையாகப் படுவது கேட்பவரைப் பற்றிய வினா. தமிழில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்கிறோம். அரபு இலக்கணிகள் படர்க்கையை ‘காயிபு’, அதாவது ‘எதிரில் இல்லாதவர்’ என்றனர். காயிபு ஜனாஸாத் தொழுகையால் இச்சொல் நம் இல்லங்களுக்குப் பழக்கமானதே. அலெக்சாவோடு பேசுபவர் அதனை முன்னிலை என்று கருதுகிறார். உண்மையில் அவருடைய குரல் இணையம் வழியே எங்கோ உள்ள நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது. அப்பதிவுகளிற் சிலவற்றை ஊழியர்கள் செவிமடுத்து வந்தது 2019-இல் வெளிப்பட்டது. குழந்தைகளின் குரற்பதிவுகளைச் சட்டத்திற்கு மாறாக வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், குற்றச்சாட்டை ஏற்காமலேயே, 2023-இல் இரண்டரைக் கோடி டாலர் செலுத்த அமேசான் இசைந்தது. குரலை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே ஆராயும் வசதி அங்கே சில எக்கோக்களில் இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதுவும் நீக்கப்பட்டது. முன்னிலை என்று நாம் எண்ணியது வெறும் வாயில். கேட்பவர் காயிபு!

காரில் பேசவும் வேண்டியதில்லை. ஓட்டுநர் எவ்வளவு விரைந்தார், எத்தனை முறை திடுமெனத் தடையை அழுத்தினார் என்னும் செய்திகளை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் திரட்டி விற்றதும், அவை காப்பீட்டு நிறுவனங்களைச் சென்றடைந்ததும் 2024-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளிவந்தன. நுகர்வோர் பற்றிய விவரங்களை விற்கும் முகவாண்மைகளுக்கு அச்செய்திகளை ஐந்தாண்டுக் காலம் தரலாகாது என்னும் ஏற்பாடு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அக்காரோட்டிகளிற் பலர் தாம் ஒரு சொல்லும் சொல்லாதிருக்க, தம் கால் பேசியதை அறியவே இல்லை.

இவற்றை ‘ஸ்மார்ட்’ என்கிறார்கள். இன்றைய அரபுலகம் இதற்கு ‘தகீ’, கூர்மதி உடையது, என்று பெயரிட்டது. ‘ஆகில்’ என்று சொல்லவில்லை. ‘அக்லு’ என்னும் சொல்லின் வேர் ஒட்டகத்தைக் கட்டும் கயிற்றோடு தொடர்புடையது. தன்னைக் கட்டி நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததே அறிவு. மொழிபெயர்த்தவர்கள் எண்ணித்தான் செய்தார்களோ, அறியோம். சொல் பொருந்திவிட்டது.

பிறர் இல்லம் புகுமுன் அனுமதி பெற்று ஸலாம் உரைக்குமாறு அந்நூர் அத்தியாயம் பணிப்பதை நாம் அறிவோம். அதே அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அது அயலாரைப் பற்றியதன்று. வீட்டிற்குள்ளேயே உழலும் ஏவலரையும் பருவமெய்தாச் சிறாரையும் பற்றியது. அவர்களும் சுப்ஹுக்கு முன்பும், நண்பகலில் ஆடை களையும் வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி கேட்டே நுழைய வேண்டும். வீட்டுப் பணியாளுக்கே மூன்று வேளைத் திரை உண்டு. இந்தப் புதிய பணியாளோ, தன் பெயர் எப்போது ஒலிக்கும் என்று எந்நேரமும் செவி திறந்து அறைக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. அதனிடம் அனுமதி கேட்கும் முறை எதையும் காணோம்.

எக்கோவின் மேல் ஒலிவாங்கியை அடைக்கும் சிறு பொத்தான் உண்டு. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். இஷாவுக்குப் பின் அதை அழுத்துவதுண்டா என்று அக்கருவி வைத்திருக்கும் அன்பர் சிலரை வினவினோம். அப்படியொரு பொத்தான் எங்கே இருக்கிறது என்று நம்மையே திருப்பிக் கேட்டார்கள்.