தொகையும் தொடரும்: தமிழ்ச் சித்திரக்கதை இதழ்ச் சேகரிப்பு – திலக் நகரை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் வெளிவந்த சித்திரக்கதை இதழ்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இளமை நினைவாகவே அமைந்துள்ளது. இரும்புக்கை மாயாவியை நினைவுகூர்வோர் பலர். அவ்விதழ்களைப் பனுவல்களாகக் கொண்டு ஆராய்வோர் சிலர். இவ்விரு சாராருக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். ஒரு தொடரின் முதல் எண் முதல் இறுதி எண் வரை விடுபாடின்றிச் சேர்க்க முனையும் சேகரிப்பாளரே அவர். அவருடைய செயலை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதா, பனுவல் காப்பு எனக் கொள்வதா என்பது இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். மும்பையில் செம்பூர்ப் பகுதியிலுள்ள திலக் நகரைக் களமாகவும், முத்து, லயன், ராணி ஆகிய மூன்று தொடர்களைச் சான்றாகவும் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முற்படுகிறது.

தொடர்களும் எண்களும்

சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியின் கதையோடு தன் பயணத்தைத் தொடங்கியது. இதனை நிறுவியவர் மு. சௌந்தரபாண்டியன், தொடக்கக் கால ஆக்கத்தில் முல்லை தங்கராசனின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ ஆகும். அதே 1984-இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வெளிவந்து, 2005-இல் 500 இதழ்களோடு நிறைவுற்றது.

மும்பை நகரமும் இந்தியச் சித்திரக்கதை வரலாற்றில் தலைமையிடம் பெற்றது. டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் 1990 வரை இங்கிருந்தே வெளிவந்தது. அனந்த் பை உருவாக்கிய அமர் சித்திரக் கதை வரிசையும் 1967-இல் இந்நகரிலேயே பிறந்தது. இவ்வரிசையின் எண்முறை ஆராயத்தக்கது. கிருஷ்ணன் கதையே இவ்வரிசையின் முதல் இந்தியக் கதையெனினும் அதற்கு வழங்கப்பெற்ற எண் 11 ஆகும். அதற்கு முந்திய 10 எண்களும் மேலைநாட்டுத் தேவதைக் கதைகளுக்கு உரியவை. இதனை அறியாதவர் தம்மிடம் 10 இதழ்கள் குறைவதாக எண்ணுவர். அறிந்தவர், ஒரு பதிப்பகம் தன் நோக்கத்தை இடைவழியில் மாற்றிக்கொண்ட வரலாற்றை அந்த எண்ணிலேயே படிப்பர். எண் என்பது அடையாளக் குறி மட்டுமன்று. அதுவும் ஒரு பனுவற் சான்று என்பது இதனாற் பெறப்படும்.

களம்: திலக் நகர்

திலக் நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பாக உருவாகி, அண்மைக் காலத்தில் பழைய கட்டடங்கள் இடிக்கப்பெற்று உயர்மாடிகளாக மாறிவரும் பகுதியாகும். இதன் புறநகர் இரயில் நிலையத்தை ஒட்டியே லோக்மான்ய திலக் முனையம் உள்ளது. தென்னகத்திற்குச் செல்லும் தொலைதூர வண்டிகள் பல இங்கிருந்தே புறப்படுகின்றன. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில், ஊறுகாயோடும் வடகத்தோடும் சித்திரக்கதை இதழ்களும் வந்து சேர்ந்தன. ஊர்ப் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கியவையே இவற்றுட் பெரும்பகுதி எனலாம். எஞ்சியவற்றை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளிலும், தாராவியின் பழைய தாள் கடைகளிலும் தேடிப் பெறும் வழக்கம் இருந்தது.

இதனால் மும்பைத் தமிழரின் சேகரிப்பு, இயல்பிலேயே இடைவெளிகளை உடையதாகிறது. சிவகாசியில் மாதந்தோறும் வெளிவந்தவை இங்கே ஆண்டிற்கொரு முறை வந்தன. மே மாத இதழ் கிடைத்த வீட்டில் அக்டோபர் இதழ் இல்லை. தமிழகத்து வாசகருக்குத் தொடர் என்பது காலத்தால் வந்தடைவது. மும்பை வாசகருக்கு அது தேடிக் கோக்கப்பட வேண்டுவது. முழுத்தொடர் வேட்கை தமிழகத்திலும் உண்டெனினும், புலம்பெயர் சூழலில் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. ஆங்கில வழியிலோ மராத்தி, இந்தி வழியிலோ பயின்ற பிள்ளைகள் பலருக்குப் பாடநூலுக்கு வெளியே கிடைத்த முதல் தமிழ் வாசிப்பு இவ்விதழ்களே. படம் பொருளை உணர்த்த, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பயிற்சி தானே அமைந்தது. அவ்வகையில் விடுபட்ட இதழைத் தேடுவது விடுபட்ட கதையைத் தேடுவது மட்டுமன்று. தமிழோடு கொண்ட தொடர்பில் விடுபட்ட மாதங்களைத் தேடுவதுமாகும்.

தொகை மரபும் தொடர்ச் சேகரிப்பும்

‘தொகை’ என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. சங்க இலக்கியம் நமக்குத் தொகைகளாகவே கிடைத்துள்ளது. தொகுத்தோன், தொகுப்பித்தோன் எனும் இருவரையும் மரபு வேறுபடுத்திக் காட்டுகிறது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மன். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. இன்றைய சேகரிப்பாளர் இவ்விரு பொறுப்புகளையும் ஒருவராகவே ஏற்கிறார். பொருள் கொடுப்பவரும் அவரே. அடுக்கி எண்ணிடுபவரும் அவரே.

தொகை மரபு வெற்றிடத்தையும் மதித்தது. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எனினும் 269 ஆம் பாடல் 267 என மாற்றி எண்ணப்படவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காத நிலையிலும், இருப்பவை இரண்டாம் பத்து முதலாகவே வழங்கப்படுகின்றன. இல்லாததன் இடத்தை இல்லாமலேயே காத்து நிற்பது பதிப்பு நேர்மையாகும். திலக் நகரில் இக்கட்டுரையாளர் பார்வையிட்ட தனியார் சேகரிப்பு ஒன்றில், கிடைக்காத இதழ்களின் இடத்தில் எண் மட்டும் எழுதிய அட்டைகள் செருகப்பட்டிருந்தன. அவற்றைச் செருகியவர் பதிப்பியல் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் பின்பற்றியது அதே நெறிதான்.

ஒற்றுமை இவ்வாறிருப்பினும், அடிப்படை வேற்றுமை ஒன்று உண்டு. தொகை தேர்ந்தெடுப்பது. குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி என்னும் வரையறைகள் தேர்வின் அடையாளங்கள். தொடர்ச் சேகரிப்போ தேர்வை மறுக்கிறது. நல்ல கதையும் நலிந்த கதையும், தெளிவான அச்சும் மங்கிய அச்சும் அதில் சம இடம் பெறுகின்றன. இது சுவையுணர்வின் குறைபாடு எனத் தோன்றலாம். உண்மையில், திறனாய்வாளர்க்கு இதுவே பெரும்பயன் தருவது. நம் கட்டுரைகள் தத்தம் விருப்பக் கதைகளிலிருந்தே ஒரு காலத்தை மதிப்பிடுகின்றன. விரும்பப்படாத இதழையும் விட்டுவிடாதவரின் அலமாரியே, அக்காலத்தில் எது சராசரி, எது விதிவிலக்கு என்பதைக் காட்ட வல்லது.

முழுத்தொடர் உணர்த்துவன

தனி இதழில் புலப்படாது, தொடரை வரிசையாக வைத்து நோக்கும்போது மட்டுமே புலனாவன மூன்று.

முதலாவது, பெயராக்கம். பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வெளிவந்த மூலக்கதையின் தலைப்பு எஃகுக் கையை மட்டுமே குறிப்பது. தமிழ்த் தலைப்போ ‘மாயாவி’ என்னும் சொல்லைச் சேர்த்து, மின்னதிர்ச்சியால் மறையும் அறிவியற் பாத்திரத்தை நம் மந்திரக்கதை மரபிற்குள் கொணர்கிறது. பின்னர் லீ பாக் 1936-இல் படைத்த முகமூடி வீரன், முத்து காமிக்ஸில் வேதாளன் எனவும், ராணி காமிக்ஸில் ‘முகமூடி வீரர் மாயாவி’ எனவும் வழங்கப்பட்டான். ஒரே பெயர் இரு தொடர்களில் இரு வீரர்க்கும், ஒரே வீரன் இரு தொடர்களில் இரு பெயராலும் அமைந்த நிலை இது. ‘மாயாவி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒருவர் நினைவில் தோன்றுவது எஃகுக் கையா, கறுப்பு முகமூடியா என்பதைக் கொண்டே அவர் எத்தொடரின் வாசகர் என அறியலாம். ஒரு தொடரை மட்டும் பயின்றவர் இவ்வேறுபாட்டை ஆராய இயலாது.

இரண்டாவது, கதை சாராப் பக்கங்கள். வாசகர் கடிதம், அடுத்த இதழ் அறிவிப்பு, விளம்பரம், லயனின் ‘ஹாட்லைன்’ ஆசிரியர் பக்கம் ஆகியன இதழுக்கும் வாசகர்க்கும் இடையே நடந்த உரையாடலைப் பதிந்துள்ளன. எந்த வீரன் வரவேற்கப்பட்டான், எந்தத் தாமதம் பொறுக்கப்பட்டது, விலை ஏன் கூடியது என்பன அங்கேயே உள்ளன. மறுபதிப்புகளும், மின்வருடிய படிகள் பலவும் கதையை மட்டும் காத்து இப்பக்கங்களைக் கைவிடுகின்றன. முதற்பதிப்பைத் தேடும் சேகரிப்பாளரின் பிடிவாதம், இவ்விடத்தில் ஆய்வுத் தேவையோடு ஒன்றுபடுகிறது.

மூன்றாவது, காலவெளி. ஜான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-இல் தொடங்கிய பெல்ஜிய நாட்டுத் தொடர், தமிழில் ‘இரத்தப் படலம்’ என வழங்குகிறது. நினைவிழந்த ஒருவன் தன் கழுத்தெலும்பருகே பொறிக்கப்பட்ட எண்ணைத் துணைக்கொண்டு தன் கடந்த காலத்தைத் தேடுவதே கதை. தமிழில் பல ஆண்டு இடைவெளிகளோடு வெளிவந்த இத்தொடரின் 18 பாகங்களும் 2010-இல் ஒரே தொகுப்பாக வந்தன. தொகுப்பைப் படித்தவர் அறிந்தது கதையின் முடிச்சுகளை. தனி இதழ்களைக் காத்திருந்து படித்தவர் அறிந்தது, நாயகனைப் போன்றே முந்தைய நிகழ்வுகளை மறந்தும் நினைந்தும் தேடும் நிலையை. இவை இரண்டும் இருவேறு வாசிப்புகள். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

சேகரிப்பின் எல்லைகள்

இவை அனைத்தும் கூறிய பின்னரும், சேகரிப்பு தன்னளவில் ஆய்வாகிவிடாது. 1931-இல் தம் நூற்பெட்டிகளைப் பிரித்தடுக்கும் பொருள்பற்றி எழுதிய வால்டர் பெஞ்சமின், வாங்கியவற்றைப் படியாதிருத்தலும் சேகரிப்பாளரின் இயல்பே என ஏற்றுக்கொள்கிறார். எண் நிறைவே இலக்காகும்போது, இதழ் உறைக்குள் அடைபட்டுப் பொருளாகிறது, பனுவலாக இருப்பதில்லை. அரிய இதழ்கள் உயர்விலைக்குக் கைமாறும் நிலையில், விடுபாடு அறிவின் குறையாக அன்றிச் செல்வத்தின் குறையாகக் கருதப்படும் இடரும் உண்டு. எனவே முழுமையை எண் முழுமை, பாட முழுமை, வாசிப்பு முழுமை என மூவகைப்படுத்தல் பொருந்தும். எல்லா இதழும் இருத்தல் முதலாவது. ஒவ்வோர் இதழும் தன் அட்டையும் கடிதப் பக்கமும் குறையாது இருத்தல் இரண்டாவது. அவை படிக்கப்பெற்று, ஒப்பிடப்பெற்று, அட்டவணை செய்யப்பெறுதல் மூன்றாவது. சேகரிப்பாளர் பலர் முதலாவதில் நின்றுவிடுகின்றனர். ஆய்வாளர் பலரோ முதலாவதும் இரண்டாவதும் கைவரப் பெறாமலே மூன்றாவதற்கு முயல்கின்றனர்.

பொது நூலகம் இக்குறையை நிரப்பாதா என வினவலாம். 1954 ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி நூற்படிகளைப் பெறும் நூலகங்களுள் சென்னை கன்னிமாராவும் மும்பை மத்திய நூலகமும் அடங்கும். ஆயினும் இரு கம்பித் தைப்புகளில் நிற்கும் சிறுவர் இதழ் ஒன்று ஐம்பது ஆண்டு நிலைக்கும் என்பதற்குச் சட்டம் உறுதி தரவியலாது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்தவையே, 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நேற்றைய தனியார் ஆர்வமே இன்றைய பொது ஆவணம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

முடிவுரை

தமிழ்ச் சித்திரக்கதைகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளே. ஆதலின் ஆய்வுக்கு உரியன அல்ல என்பாருளர். மொழிபெயர்ப்பு என்பதனாலேயே அவை ஒரு காலத்துத் தமிழ் எவ்வாறு அயற்கதையைத் தன்வயப்படுத்தியது என்பதற்குச் சான்றாகின்றன. அச்சான்றுகளின் கணிசமான பகுதி இன்று தனியார் அலமாரிகளில் உள்ளது. திலக் நகர் போன்ற பகுதிகளில் கட்டடம் இடிபடும்போது குடும்பங்கள் தற்காலிக வாடகை வீடுகளுக்குப் பெயர்கின்றன. இடம் குறைந்த வீட்டில் முதலில் வெளியேறுவது பழைய தாளே. சேர்த்தவர் மறைந்தால் அவை எடைக்கு எடை விலையாகின்றன. அவ்வாறு கலைந்த தொடரை மீளக் கோப்பது அரிது.

ஆதலின் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன இரண்டு. சேகரிப்பாளர் வீடுகளுக்கு மாணவர்களை அனுப்பி, தொடர் எண், ஆண்டு, விலை, தமிழ்த் தலைப்பு, மூலம், கடிதப் பக்கத்தின் இருப்பு ஆகியவற்றைக் கொண்ட விளக்க அட்டவணை உருவாக்குதல் ஒன்று. சேகரிப்பைக் கொடையாக அளிக்க முன்வருவோரிடமிருந்து, வரிசை கலையாமல், கிடைக்காத எண்களின் இடத்தையும் மாற்றாமல் பெற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. முதலாவது பணிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு குறிப்பேடும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதுமானவை. அவ்வட்டவணை எழுதப்பெற்ற பின்னரே, தமிழ்ச் சித்திரக்கதையின் வரலாறு எழுதப்பெறுதல் கூடும்.