அடுக்கு கலையும் முன்

2009-இல் கூகுள் வெளியிட்ட கோ நிரல்மொழியில், ஓடும் நிரல் மேலே செல்ல இயலாத பிழையில் சிக்கும்போது எழும் நிலை 'பேனிக்' எனப்படும். அதைத் தடுத்து நிரலைக் காக்கும் 'ரெக்கவர்', செயற்கூறு முடியும் தறுவாயில் இயங்குமாறு ஒத்திவைக்கப்பட்ட 'டிஃபர்' கூற்றின் வழியாகவே பயன் தரும். மீட்பைவிட வியப்பூட்டுவது அந்தக் கணத்தின் அமைப்பே: ஒன்றையொன்று அழைத்த செயற்கூறுகளின் அடுக்கு அப்போதும் கலையாமல் நிற்பதால், அங்கேயே 'டீபக்.ஸ்டாக்' என்னும் செயற்கூறு அழைக்கப்பட்டால், கோப்பின் பெயரும் வரி எண்ணும் கொண்ட முழுத் தடம் கைக்கு வருகிறது. தவறவிட்டால் எஞ்சுவது வெறும் பிழைச்செய்தி.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை 1862-இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர் என வகுத்ததைப் போலவே, இத்தடத்திலும் பழைய அழைப்பு கீழும் புதியது மேலுமாக அமைகிறது. அதே வட்டாரத்துக் காரை என்னும் ஊரின் பள்ளங்களில் பாறையடுக்கைக் குறிக்காமல் பொறுக்கப்பட்ட தொல்லுயிர் எச்சம் தன் சாட்சியத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவது போன்றதே தடமற்ற மீட்பும். தடத்தின் உச்சியில் மீட்புக் கூறுகளே நிற்கும் என்பதால், பிழையின் பிறப்பிடத்தை அவற்றுக்குச் சற்றுக் கீழே தேட வேண்டும். கோவின் இணைய வழங்கி நூலகம், ஓர் இணைப்பில் எழும் பேனிக்கைத் தானே மீட்டு, 64 கிலோபைட் அளவுவரை இத்தடத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது.